பேப்பர் கடையின் உழைப்பை எதைக் கொண்டு அளப்பது?

ராஜபாளையத்துக்கு உழைப்பை அளப்பது புதிதல்ல. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்தே ஆலைச் சங்குக்கு எழுந்து பழகிய ஊர் இது. ஒரு ஸ்பிண்டில் எட்டு மணி நேர ஷிப்டில் எத்தனை கிராம் நூல் கொடுத்தது, நூறு கிலோ நூல் எடுக்க எத்தனை ஆள்மணி பிடித்தது என்ற கணக்கு ஆலை அலுவலகத்தில் மட்டுமல்ல, ரிங் ஃபிரேம் அருகே நின்று வேலை பார்த்தவர்களின் பேச்சிலும் புழங்கும். பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்படிக்குப் போனால், இத்தனை லிட்டர் பாலுக்கு இத்தனை கிலோ என்று உடனே சொல்லிவிடுவார்கள். சிவகாசி அச்சகத்தில் மணிக்கு எத்தனை தாள் ஓடுகிறது என்பதை வைத்தே கூலி பேசப்படுகிறது.

இவ்வளவு அளக்கும் வட்டாரத்தில் யாரும் கணக்கில் எடுக்காத உழைப்பு ஒன்று உண்டு. பேருந்து நிலைய வாசலில் இருட்டோடு இருட்டாகக் கட்டுப் பிரிக்கும் பேப்பர் ஏஜென்ட்டின் உழைப்பு அது. அவருக்குப் பத்துக் கடை தள்ளி, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மூச்சுவிட நேரமில்லாமலும், மற்ற மாதங்களில் வாடகைக்கே திண்டாடியும் புத்தகக் கடை நடத்துபவரின் உழைப்பும் அதைச் சேர்ந்ததுதான். இவர்களின் உற்பத்தித்திறன் என்ன என்று கேட்டால், பெரும்பாலானோர் அன்றைய விற்பனையைக் கடையில் நிற்கும் ஆட்களால் வகுத்து ஒரு தொகையைச் சொல்வார்கள். அந்தத் தொகை சிறியதாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, காலம் போன தொழில், மூடினால் நஷ்டமில்லை என்ற முடிவுக்கு வருவது சுலபம்.

அளக்கவே கூடாது என்பது என் கட்சி அல்ல. அளந்தே ஆக வேண்டும். ஆனால், கடைக்காரரின் மணிகளை மட்டும் எண்ணிவிட்டு வாசகரின் மணிகளைக் கணக்கில் சேர்க்காத எந்த அளவும் தவறான தீர்ப்பையே தரும். அந்தத் தீர்ப்பால் முதலில் அடிபடுவது செண்பகத்தோப்பு போன்ற இடங்கள்.

செண்பகத்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே எட்டு கிலோமீட்டர் அளவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்தால் வனத்துறையின் சோதனைச் சாவடி. அதற்கப்பால் காட்டழகர் கோயிலுக்குப் போகும் மலைப்பாதை. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றும் அங்கே உண்டு. தேன் எடுப்பதும் காட்டுப் பொருள் சேகரிப்பதும் தோட்ட வேலையும்தான் அவர்களுக்குப் பிழைப்பு. ஊரிலிருந்து ஒரு நாளிதழோ புத்தகமோ அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் எட்டு கிலோமீட்டர் போய், எட்டு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். இந்தப் பதினாறு கிலோமீட்டர்தான் நம் கணக்கின் சிக்கல்.

முதலில் இப்போதுள்ள அளவுகோல்களைப் பார்ப்போம். இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருவது அமெரிக்கா. அங்குள்ள தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் புத்தகக் கடைகளையும் செய்தித்தாள் விற்பனையாளர்களையும் ஒரே தொழிலாகச் சேர்த்து, அதன் உழைப்பு உற்பத்தித்திறனைக் குறியீட்டெண்ணாக வெளியிட்டிருக்கிறது. முறை எளிமையானது. விற்பனைத் தொகையிலிருந்து விலையேற்றத்தை நீக்குகிறார்கள். மிஞ்சுவதை, உழைத்த மொத்த மணிகளால் வகுக்கிறார்கள். அதில் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு: சம்பளத்துக்கு நிற்பவர்களின் மணிகளோடு, சொந்தமாகக் கடை நடத்துபவரின் மணிகளும் ஊதியமில்லாமல் கைகொடுக்கும் குடும்பத்தாரின் மணிகளும் கணக்கில் வருகின்றன.

ஆனால் அங்கேயும் தொழிலின் எல்லை எங்கே முடிகிறது என்பது தகராறுதான். 1995-இல் அமேசான் இணையத்தில் விற்கத் தொடங்கிய முதல் சரக்கே புத்தகம். ஆனாலும் இணையத்திலும் தபாலிலும் விற்பவர்களை நெடுங்காலம் தனித் தொழிலாக வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். ஒரே புத்தகம் கடை மேசை வழியாகப் போனால் ஒரு தொழிலின் கணக்கு, பார்சலில் போனால் இன்னொரு தொழிலின் கணக்கு. 2022-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இந்தப் பிரிவை எடுத்துவிட்டு, எந்த வழியில் விற்றாலும் விற்கும் பொருளை வைத்தே வகைப்படுத்தலாம் என்று மாற்றினார்கள். கடையில் நின்றவர்களின் உழைப்பில் ஒரு மாற்றமும் இல்லை. கோடு மட்டும் இடம் மாறியது.

நம் நாட்டில் நிலைமை இன்னும் மங்கலானது. 2008-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 4761 என்ற எண்ணின் கீழ் புத்தகம், செய்தித்தாள், எழுதுபொருள் மூன்றும் ஒன்றாகக் கிடக்கின்றன. தனிக் கடையாக இருந்தால்தான் அந்த எண். வெற்றிலை பாக்கும் மிட்டாயும் விற்கும் பெட்டிக்கடையில் நான்கு நாளிதழ் தொங்கினால் அது வேறு எண்ணுக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் நாளிதழ் வாங்குபவர்களில் எத்தனையோ பேர் அதைப் பெட்டிக்கடையிலும் டீக்கடையை ஒட்டிய தட்டியிலும்தான் வாங்குகிறார்கள். அந்த விற்பனை, செய்தித்தாள் வணிகம் என்ற பெயரில் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சிறு கடைகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் பெரிய தரவு, தேசியப் புள்ளிவிவர அலுவலகம் அமைப்புசாராத் தொழில் நிறுவனங்கள் குறித்து நடத்தும் ஆண்டுக் கணக்கெடுப்பு. 2023-24 சுற்றின்படி, உற்பத்தி, வணிகம், சேவை ஆகிய மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 7.34 கோடி நிறுவனங்கள். 12 கோடிக்குச் சற்று அதிகமான உழைப்பாளர்கள். ஓர் ஆள் ஓராண்டில் கூட்டிய மதிப்பு 1,49,742 ரூபாய். அதற்கு முந்தைய சுற்றில் 1,41,769 ரூபாய். நாளொன்றுக்கு வகுத்தால் 410 ரூபாய் அளவில் வருகிறது. இந்தத் தொகை ஆளுக்குத்தான், மணிக்கு அல்ல. காலையில் ஒன்றரை மணி நேரம் சைக்கிளில் பேப்பர் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகும் இளைஞரும் அதில் ஓர் ஆள். விடியற்காலை முதல் இரவு ஒன்பது வரை கடையில் இருக்கும் முதலாளியும் ஓர் ஆள். பேப்பர் தொழிலில் இந்த இருவரையும் ஒரே எண்ணாக வைத்துவிட்டால், வருகிற விடைக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

அந்த மணிகள் எப்படிக் கழிகின்றன என்பது பேப்பர் வாங்கும் பலருக்குத் தெரியாது. பெருநகரப் பதிப்பிலிருந்து கிளம்பும் வேன் இருட்டிலேயே வந்து கட்டுகளை இறக்கிவிட்டுப் போகும். வேன் தாமதமானால் அன்றைக்கு எல்லா வேலையும் தலைகீழ். கட்டு வந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்தால் அப்போதே போன் போட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இணைப்பு தனியாக வரும். ஒவ்வொரு பிரதிக்குள்ளும் அதைச் செருக வேண்டும். ஊர் ஜவுளிக்கடையின் துண்டுப் பிரசுரம் இருந்தால் அதற்கும் கை வைக்க வேண்டும். பிறகு லைன் வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும்: இந்தத் தெருவில் இந்த வீட்டுக்கு இந்தப் பேப்பர், அந்த வீட்டுக்கு இரண்டு, ஊருக்குப் போனவர்கள் வீட்டுக்கு இன்று வேண்டாம். பையன் வரவில்லை என்றால் ஏஜென்ட்டே சைக்கிளை எடுப்பார். மழை பெய்தால் பாலிதீன் உறை. கடையில் போஸ்டர் கட்டி முடிக்கும்போது விடிந்திருக்கும். விற்காத பிரதிகளை அன்றைக்கே கணக்கெடுத்து வைக்க வேண்டும். மாதம் பிறந்துவிட்டால் வீடு வீடாக வசூல். ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் வீட்டுக்கு மூன்று முறை ஏற வேண்டியிருக்கும். அந்த வசூல் நடையும் உழைப்புதான். அது எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை.

இத்தனைக்கும் கிடைப்பது, அட்டை விலையில் குறிப்பிட்ட சதவீதக் கழிவு மட்டும். நாளிதழின் விலையோ அதைத் தயாரிக்க ஆகும் செலவைவிடக் குறைவு. பத்திரிகை விளம்பரத்தால் பிழைக்கிறது, அதனால் வாசகருக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அது நல்லதுதான். ஆனால் ஏஜென்ட்டின் வருமானம் அந்தக் குறைந்த விலையின் ஒரு பங்கு என்பதால், அவர் உழைப்பின் மதிப்பும் விளம்பரதாரரின் கையில் போய்விடுகிறது. இணைப்போடு சேர்ந்து கனத்துவிட்ட ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைச் சுமக்கும் தோளுக்கும், மெலிந்த திங்கட்கிழமைப் பேப்பரைச் சுமக்கும் தோளுக்கும் கழிவில் பெரிய வித்தியாசம் இல்லை.

விற்பனைத் தொகையை உழைப்பின் அளவாக எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்படும் வரை, பேப்பர் தொங்கிய பல கடைகளில் சீட்டும் தொங்கியது. குலுக்கல் முடிவு பார்க்கவே கூட்டம் நின்றது. தடை வந்த வாரத்தில் அந்தக் கடைகளின் மணிக்கணக்கு விற்பனை சரிந்தது. அதே ஆள், அதே நேரம் எழுந்து, அதே பேப்பரைத்தான் அடுக்கினார். அவர் திறமை ஒரே வாரத்தில் பாதியாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சீட்டு போனது ஏழை வீடுகளுக்கு விடிவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விற்பனைப் பணம் உழைப்பின் முகத்தை எவ்வளவு மறைக்கும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், இணையம் வருவதற்கு முன் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான நாட்களை இந்த வட்டாரத்தில் நடுவயது கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேப்பரில் எண் வந்திருக்கிறதா என்று பார்க்கக் கடையைச் சுற்றிக் கூட்டம் முண்டியடிக்கும். கட்டு அவிழ்ப்பதற்குள் காலியாகும். ஒரு பிரதியை வாங்கியவரைச் சுற்றி இருபது பேர் எட்டிப் பார்ப்பார்கள். கணக்குப்படி விற்றது ஒரு பிரதி. பலன் பெற்றது இருபது குடும்பம். டீக்கடை பெஞ்சில் கிடக்கும் பேப்பருக்கும் இது பொருந்தும். பக்கம் பக்கமாகப் பிரிந்து, காலை முழுக்கக் கை மாறி, மாலையில் வடை மடிக்கப் போகும் அந்த ஒரு பிரதியை எத்தனை பேர் படித்தார்கள் என்று எந்த வணிகக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

இங்கேதான் ராஜபாளையம் ஆலைகளிடமிருந்து ஒரு பாடம் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பஞ்சாலையில் கிலோவை மட்டும் வைத்து இரண்டு ஆலைகளை ஒப்பிட மாட்டார்கள். நூலின் கவுண்ட் ஏற ஏற இழை மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை என்பதுதான் கவுண்ட். நாற்பதாம் கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். எண்பதாம் கவுண்ட் நூற்கும் ஆலை, இருபதாம் கவுண்ட் நூற்கும் ஆலையைவிடக் கிலோ கணக்கில் மிகக் குறைவாகத்தான் கொடுக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘எண்பதாம் கவுண்ட் ஆலைத் தொழிலாளி சோம்பேறி’ என்று எந்த மேலாளரும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் 1956-இல் கோவையில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா, ஆலைகளின் உற்பத்தித்திறனை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் நாற்பதாம் கவுண்டுக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடுகிறது. சரக்கின் தன்மைக்கு ஏற்ப அளவைத் திருத்துவது நம் தொழிலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் பொதுவான நியாயமாக இருந்துவருகிறது.

புத்தகக் கடைக்கு அந்த நியாயம் ஏன் கிடைக்கவில்லை? ஜூன் மாதத்தில் கோனார் உரையும் கணக்கு வழிகாட்டியும் கட்டுக் கட்டாகப் போகும். வாங்குபவர் பெயர் சொல்வார், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், அரை நிமிட வேலை. அதே கடைக்கு ஒரு பெண் வந்து, ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் பாடப் புத்தகம் தவிர எதையும் தொடுவதில்லை, என்ன கொடுக்கலாம் என்று கேட்டால், கடைக்காரர் அரை மணி நேரம் பேசி, நான்கைந்து புத்தகம் எடுத்துக் காட்டி, கடைசியில் மெல்லிய கதைப் புத்தகம் ஒன்றை விற்பார். ரூபாய்க் கணக்கில் இரண்டாவது வேலை வீண். என் கணக்கில் அதுதான் எண்பதாம் கவுண்ட். இரண்டையும் ஒரே தராசில் போட்டால், வழிகாட்டி மட்டும் விற்பவரே திறமைசாலி என்று விடை வரும். சிற்றூர்க் கடைகளில் கதைப் புத்தக அலமாரி குறுகி, வழிகாட்டி அடுக்கு உயர்ந்துகொண்டே போவதற்கு அந்த விடைதான் காரணம்.

இப்போது செண்பகத்தோப்புக்கு வருவோம். ஒரு கணக்குக்காக எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஊருக்குள் ஒரு லைனில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் 80 பேப்பர் போடுகிறார். மலையடிவார லைனில் அதே ஒரு மணி நேரத்தில், மோட்டார் சைக்கிளில் போய்வந்து, 10 பேப்பர்தான் போட முடிகிறது. விற்பனையை மணியால் வகுத்தால் முதல் லைனின் உற்பத்தித்திறன் எட்டு மடங்கு. பெட்ரோல் செலவையும் சேர்த்தால் இரண்டாவது லைனை நாளைக்கே நிறுத்த வேண்டும்.

வாசகரின் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பேப்பர் வீட்டுக்கு வரவில்லை என்றால், ஊருக்குள் இருப்பவர் தெருமுனைக் கடைக்குப் போய்வரப் பத்து நிமிடம் ஆகும். எண்பது பேருக்கு 800 நிமிடம். செண்பகத்தோப்பில் இருப்பவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வர ஒரு மணி நேரமாவது பிடிக்கும். பத்துப் பேருக்கு 600 நிமிடம். இரண்டு லைனிலும் உழைத்தது ஒரே ஒரு மணி நேரம். ஒன்று வாசகர்களுக்கு 800 நிமிடத்தை மிச்சம் பிடித்தது. மற்றொன்று 600 நிமிடத்தை. எட்டுக்கு ஒன்றாகத் தெரிந்த வித்தியாசம் நாலுக்கு மூன்றாகக் குறைந்துவிட்டது. சைக்கிள் மிதித்தவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் ஏறக்குறைய ஒரே அளவு பயன்பட்டிருக்கிறார்கள்.

ஒரு நாளிதழுக்காக யாரும் பதினாறு கிலோமீட்டர் அலைய மாட்டார்கள், படிப்பதையே விட்டுவிடுவார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். அப்படியானால் இழப்பு இன்னும் பெரிது. அலைந்து வாங்கியவர் நேரத்தைத்தான் இழந்தார். விட்டுவிட்டவர் வாசிப்பையே இழந்தார். அதை நிமிடமாக மாற்ற எனக்குத் தெரிந்து வழியில்லை. ஆனால் நிமிடமாக மாற்ற முடியாத ஒன்றைப் பூஜ்யம் என்று எழுதிவிடுவது கணக்கு ஆகாது.

கைபேசி இருக்கும்போது பேப்பர் எதற்கு என்ற கேள்வியும் வரும். செய்தி அறிவதில் கைபேசி எல்லோருக்கும் நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறது. அதை மறைத்து நான் வாதாட விரும்பவில்லை. மழை, அணை நீர்மட்டம், தேர்வு முடிவு இவற்றுக்காக இனி யாரும் கடை வாசலில் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால், தேடாத ஒன்றைக் கண்ணில் படவைப்பதும், ஒரு வீட்டில் நாலு பேர் ஒரே தாளைப் பங்குபோடுவதும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாட்டியும் பேரனும் ஒன்றாக உட்கார்வதும் அச்சுத் தாளில்தான் நடக்கிறது. மலையடிவாரத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காத இடங்களும் உண்டு. ராஜபாளையத்தைச் சேர்ந்த எழுத்தாளர் கொ.மா. கோதண்டம் இந்த மலைகளையும் பளியர் வாழ்வையும் கதைகளாக எழுதியவர். சிறுவர் இலக்கியத்துக்காக சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர். தங்கள் காட்டைப் பற்றி எழுதப்பட்ட புத்தகம், அந்தக் காட்டின் பிள்ளைகள் கைக்கு எந்தக் கடை வழியாக, யாருடைய உழைப்பில் போய்ச் சேரும்? அதற்குப் பதில் சொல்லும் அளவீடுதான் நமக்கு வேண்டும்.

சராசரி செய்யும் இன்னொரு மயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஊரில் மூன்று கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒன்று 600 ரூபாய்க்கும், ஒன்று 300 ரூபாய்க்கும், கடைசிக் கடை 150 ரூபாய்க்கும் விற்கின்றன. சராசரி 350. கடைசிக் கடையை மூடினால் சராசரி 450 ஆகிவிடும். யாரும் கூடுதலாக ஒரு புத்தகம் விற்கவில்லை. ஆனாலும் தொழிலின் உற்பத்தித்திறன் முன்னேறியதாக அறிக்கை சொல்லும். மூடிய கடையில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது அறிக்கையில் இருக்காது. அமெரிக்காவில் 2011-இல் பார்டர்ஸ் என்ற பெரும் புத்தகக் கடைச் சங்கிலியே மூடப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டுகளின் குறியீட்டெண்ணைப் படிப்பவர்கள், மூடிய கதவுகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

வாசகரின் நேரத்தைக் கணக்கில் எடு என்று சொல்வதற்கு நாம் வெளிநாட்டு அறிஞரைத் தேட வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பதைப் பற்றியது. அதே 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது, தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். மாட்டுவண்டி ஒரு நாளில் எத்தனை புத்தகம் கொடுத்திருக்கும்? கட்டடத்துக்குள் உட்கார்ந்திருந்த நூலகரைவிட நிச்சயம் குறைவு. ஆனால் எத்தனை விவசாயிகளின் ஒரு நாள் நடையை அது மிச்சம் பிடித்தது என்று கேட்டால் விடை வேறு. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கு இந்தச் சிந்தனையே அடித்தளம். இன்று சொத்து வரியோடு நாம் கட்டும் பத்து சதவீத நூலக வரி அந்தச் சட்டத்தின் தொடர்ச்சி.

கடைகளுக்கும் இதே நியாயத்தைச் சட்டமாக்கிய நாடு பிரான்ஸ். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே புதிய புத்தகத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டரை வீட்டுக்கு அனுப்பக் குறைந்தது மூன்று யூரோ வாங்கியாக வேண்டும். இணைய வணிகத்தின் இலவச அனுப்புகை தெருவோரக் கடையைக் கொன்றுவிடக் கூடாது என்பது நோக்கம். நம்மிடம் புத்தகத்துக்கும் நாளிதழுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. அது பெரிய ஆறுதல். ஆனால் 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சல் சேவையை நிறுத்தியது. குறைந்த செலவில் ஒரு புத்தகத்தைச் சிற்றூருக்கு வரவழைக்கும் வழி ஒன்று அடைபட்டது. அந்தச் சேவையின் வரவு செலவைப் பார்த்தவர்கள் வாசகரின் பதினாறு கிலோமீட்டரைப் பார்க்கவில்லை.

கடைக்காரர்களிடமும் குறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அவர்களுக்கு நல்லது செய்தவன் ஆக மாட்டேன். பல கடைகளில் இருப்புப் பட்டியல் கிடையாது. கேட்ட புத்தகம் குவியலுக்குள் இருந்தாலும் ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பதிப்பகத்திடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்பவர் மூன்று வாரம் கழித்தும் அதே பதிலைச் சொல்கிறார். இந்த இடத்தில் அளவீடு உண்மையாகவே உதவும். சிற்றூர்ப் புத்தகக் கடையின் திறமைக்கு நான் முன்வைக்கும் முதல் அளவு, வாசகர் கேட்ட புத்தகம் எத்தனை நாளில் அவர் கைக்கு வந்தது என்பதுதான். எத்தனை ரூபாய்க்கு விற்றார் என்பது அதற்குப் பிறகு வரட்டும். நாள் எண்ணிக்கை குறைந்தால் கடையின் உழைப்பு மேம்பட்டிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். பழைய கைபேசியில் ஒரு பட்டியல் போட்டு வைத்தாலே பாதி வேலை முடியும்.

அரசு செய்ய வேண்டியவை இதைவிட அதிகம். அமைப்புசாராத் தொழில்களின் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்துவோர், ஆள் எண்ணிக்கையோடு ஒவ்வொருவரின் மணிகளையும் கேட்டு, மணிக்கணக்கு விவரத்தை வெளியிட வேண்டும். விடியற்காலை இணைப்பு செருகும் மனைவியின் நேரமும், வசூலுக்கு நடக்கும் மகனின் நேரமும் அதில் தெரிய வேண்டும். பெட்டிக்கடைகளிடம் நாளிதழ் விற்கிறீர்களா என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால், இன்று கண்ணுக்குத் தெரியாத வணிகம் வெளிச்சத்துக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த கடை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். தூரம் தெரிந்தால்தான் ஆலையின் கவுண்ட் மாற்றம் போல ஒரு திருத்தத்தை இங்கும் செய்ய முடியும்.

பொது நூலகத் துறை புத்தகங்களைப் பதிப்பகங்களிடமிருந்து நேரடியாக வாங்குகிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கான கொள்முதலிலும் ஒரு சிறு பங்கை அந்தந்த வட்டாரப் புத்தகக் கடைகள் வழியாக வாங்கலாம். 2022-23 நிதிநிலை அறிக்கையில் எல்லா மாவட்டங்களிலும் புத்தகக் காட்சி நடத்தப்படும் என்று அறிவித்து, விருதுநகர் மாவட்டத்திலும் நடத்தினார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால், பத்து நாள் விழாவில் எத்தனை கோடிக்கு விற்றது என்று அறிவிக்கும்போது, மீதி 355 நாள் கடை திறந்து வைத்திருப்பவருக்கு அந்தக் கோடியில் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும்.

இத்தகைய மாற்றங்கள் மாநிலம் முழுவதும் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் ராஜபாளையம். பொதுக் காரியத்துக்குக் கை நீட்டும் ஆலைகளும் வணிகர்களும் இங்கே இன்றும் இருக்கிறார்கள். விருதுநகர் மாவட்ட நூலக ஆணைக்குழு, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள பேப்பர் ஏஜென்ட்டுகளையும் புத்தகக் கடைக்காரர்களையும் அழைத்து ஒரு நாள் உட்கார்ந்து பேசட்டும். வரைபடத்தில் பேப்பர் போகாத குடியிருப்புகளைக் குறிக்கட்டும். செண்பகத்தோப்பில் தொடங்கி மலையடிவார லைன் ஒன்றுக்கு நூலக வரியிலிருந்து மாதாந்திர உதவித்தொகை கொடுத்து, அந்த லைனில் போகிறவர் நாளிதழோடு நூலகப் புத்தகங்களையும் எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யட்டும். ஓராண்டு கழித்து, அவர் உழைத்த மணிகளையும் வாசகர்களுக்கு மிச்சமான மணிகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வெளியிடட்டும். அதைப் பார்த்த பிறகு, அந்த லைன் நஷ்டமா இல்லையா என்பதை வரி கட்டும் நாமே தீர்மானித்துக்கொள்வோம்.